சுஹாவைக் காப்பாற்றப் போன கதை

ஒரு பெண்ணைக் காப்பாற்றக் கிளம்பும் முன், அவள் யார், எங்கே இருக்கிறாள் என்று கொஞ்சம் விசாரித்துக்கொள்வது நல்லது. இவ்வளவு எளிய விஷயத்தை எனக்கு இருபத்து நான்கு வயதுவரை யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். அந்த வயதில் நான் அவ்வளவு நல்லவனாக இருந்தேன்.

நல்லவன் என்றால் சாதாரண நல்லவன் இல்லை. கோவில்பட்டியில் கல்லூரியில் படித்தபோது மாணவர் ஒழுக்க மன்றம் என்று ஒன்றைத் தொடங்கி, அதற்குச் செயலாளராக இருந்தவன். (மொத்தம் இரண்டு உறுப்பினர்கள். இன்னொருவன் மூன்றாம் மாதம் காதலித்துவிட்டதால் அவனை நீக்கவேண்டியதாயிற்று.) ஷார்ஜாவுக்கு வந்த பிறகும் அந்தப் பதவியை நான் ராஜினாமா செய்யவில்லை. ரூமில் யாராவது ஜன்னல் வழியாக எதிர் ஃப்ளாட்டைப் பார்த்தால் எழுந்து போய்த் திரையை இழுத்துவிடுவேன். என்னுடன் தங்கியிருந்த ஐந்து பேரும் என்னை எப்படிப் பொறுத்துக்கொண்டார்கள் என்று இப்போது நினைத்தால் அவர்கள்மீது மரியாதை வருகிறது.

வேலை, ஷார்ஜாவின் கடைத்தெருவான ரோலாவில் ஒரு கடையில் சேல்ஸ்மேன். கடிகாரம், கேமரா, பைனாகுலர் விற்கிற கடை. முதலாளி ஜமால் காக்கா, கீழக்கரைக்காரர். (அவர்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்பார்கள். ஆள் நல்ல சிவப்பு.) அவர் ஒருமுறை மொத்தமாகச் சரக்கு எடுத்தபோது அதோடு ஒட்டிக்கொண்டு ஒரு டெலஸ்கோப் வந்துவிட்டது. மூன்று கால், நீளமான வெள்ளைக் குழாய், கூடவே ஒரு பெட்டி நிறையக் குட்டிக் குட்டிக் கண்ணாடிகள்.

"நீ ஃபிசிக்ஸ் படிச்சவன்ல. இது உன் பொறுப்பு" என்று காக்கா சொல்லிவிட்டார்.

நான் ஃபிசிக்ஸ் படித்தது உண்மை. பாஸானதும் உண்மை. இரண்டுக்கும் இடையில் மூன்று வருஷ இடைவெளி இருந்ததை அவரிடம் சொல்லவில்லை. டெலஸ்கோப்பை மாட்டி, எதிர்ப்பக்கத்து எக்ஸ்சேஞ்ச் கடையின் போர்டைப் பார்த்தேன். எழுத்தெல்லாம் இடவலம் மாறித் தெரிந்தது. என் வானியல் ஆராய்ச்சி அதோடு முடிந்தது. வாசல் கண்ணாடிக்குப் பின்னால் அதை நிறுத்திவைத்தோம். ஒரு வருஷம் அது அங்கேயே நின்று போகிற வருகிறவர்களைப் பார்த்தது. நான் வாரம் ஒருமுறை தூசி தட்டினேன்.

ஒரு ஏப்ரல் மாதம், மதியம் கடை அடைக்கும் நேரம். காக்கா முன்னாலேயே சாப்பிடப் போய்விட்டார். கணுக்கால்வரை நீண்ட வெள்ளைக் கந்தூரா அங்கியில் ஒரு எமிராத்தி இளைஞர் உள்ளே வந்தார். என் வயதுதான் இருக்கும். சலாம் சொல்லிவிட்டு நேராக டெலஸ்கோப்பிடம் போனார். குனிந்தார், நிமிர்ந்தார், ஆசையோடு குழாயைத் தடவிப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்.

"பாய், இஸ் மே சுஹா திகேகி?"

இதில் சுஹா தெரிவாளா? கேள்வி இவ்வளவுதான். எனக்கு ஹிந்தி அரைகுறை. ஆனால் 'திகேகா' என்றால் ஆண்பால், 'திகேகி' என்றால் பெண்பால் என்கிற அளவுக்குத் தெரியும். அந்த அளவு மட்டும் தெரிந்ததுதான் வினை.

"சுஹா?" என்றேன்.

"ஆமா, சுஹா." அவர் முகத்தில் ஒரு புன்னகை. அதன் பிறகு அவர் பேசியது பாதி ஹிந்தி, கால்வாசி அரபி, மீதி கை ஜாடை. எனக்கு எப்படிப் புரிந்ததோ அப்படியே தமிழில் தருகிறேன். "முன்னாடி எல்லாம் எங்க வீட்டு மாடியில நின்னா வெறும் கண்ணுக்கே தெரிவா. இப்ப சுத்தி ஒரே லைட்டு. சரியாத் தெரியறதில்ல. அதோட பக்கத்துலயே எப்பவும் பெரியவன் ஒருத்தன் நிக்கிறான். அவன் வெளிச்சத்துல இவ மறைஞ்சு போயிடறா."

எனக்குக் காது சூடானது. பெரியவன் என்றால் யார்? அண்ணனா, புருஷனா?

"தினமும் பாப்பீங்களா?" என்று கேட்டேன். குரலில் போலீஸ்காரத் தோரணை வந்துவிட்டது எனக்கே தெரிந்தது.

"முன்னாடி தினமும். நான் மட்டும் இல்ல, பாபாவும்தான். பாபாதான் எனக்கு முதல்ல காட்டினார்."

பாபா என்றால் அப்பா. பெற்ற மகனுக்கு ஒரு அப்பா செய்கிற காரியமா இது? மாடியில் தகப்பனும் மகனும் வரிசையாக நின்றுகொண்டு, எங்கோ ஒரு வீட்டில் துணி காயப்போட வருகிற சுஹா என்ற அப்பாவிப் பெண்ணைப் பார்க்கும் காட்சி என் மனதில் முழு வண்ணத்தில் ஓடியது. என் கற்பனையில் அவள் பச்சைத் துப்பட்டா போட்டிருந்தாள். செயலாளர் விழித்துக்கொண்டார்.

"இது விற்கிறதுக்கு இல்ல" என்றேன்.

"விலை எழுதியிருக்கே?"

"மெஷின் கராப். உள்ளே உடைஞ்சிருக்கு. கலாஸ்."

அவர் குனிந்து அதே மெஷினில் எக்ஸ்சேஞ்ச் போர்டைப் பார்த்தார். "நல்லாத் தெரியுதே!"

"போர்டு தெரியும். பொண்ணுங்க தெரியாது" என்று தமிழில் முணுமுணுத்துவிட்டு, அவரைக் கிட்டத்தட்ட வாசல்வரை வழிநடத்தி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டேன். அவர் ஒன்றும் புரியாமல் வெயிலில் நின்று என்னையே பார்த்தார். நான் ரூமுக்குப் போய் சாம்பார் சோறு சாப்பிட்டுவிட்டு, ஒரு பெண்ணின் மானத்தைக் காப்பாற்றியவனின் நிம்மதியோடு தூங்கினேன்.

நாலு மணிக்குக் கடை திறக்கப் போனால் காக்கா முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். அவர் முன்னாலேயே வந்தால் அன்றைக்கு யாருக்கோ நாள் சரியில்லை என்று அர்த்தம்.

"மத்தியானம் ஒருத்தரு டெலஸ்கோப் கேட்டு வந்தாரா?"

"வந்தாரு காக்கா."

"நீ விக்கமாட்டேன்னியா?"

"அதுல ஒரு விஷயம் இருக்கு காக்கா..."

"அவரு யாரு தெரியுமா? ராஷித். நம்ம கஃபீலோட மவன்!"

புரியாதவர்களுக்காக: அந்தக் காலத்தில் கடையின் லைசென்ஸ் அந்நாட்டுக்காரர் ஒருவர் பெயரில் இருக்கவேண்டும். அவர்தான் கஃபீல். அவர் ஒரு கையெழுத்துப் போடவில்லையென்றால் கடை இல்லை. கடை இல்லையென்றால் என் விசா இல்லை. விசா இல்லையென்றால் நானும், எனக்குக் கீழே இரண்டு தங்கைகளும், கோவில்பட்டியில் பாதி எழும்பி நிற்கிற வீடும் நடுத்தெருவில்தான். கஃபீலை நான் அதுவரை பார்த்ததே இல்லை. கடையில் மாட்டியிருந்த லைசென்ஸில் அவர் பெயரைத் தினமும் பார்ப்பேன், அவ்வளவுதான்.

"காக்கா, அவரு ஒரு பொண்ணப் பாக்கிறதுக்காகத்தான்..."

"பொண்ணு பாத்தா என்ன, மாப்பிள்ள பாத்தா என்ன? வயசுப் பையன், பாக்கட்டும். நீ போயி மாட்டிக் குடுத்துட்டு வா. ஆறரைக்கு அவரே வண்டி எடுத்துட்டு வர்றாரு. போயி மன்னிப்பும் கேளு."

இவரும் இப்படிப் பேசுகிறாரே என்று நொந்துபோனேன். உலகத்தில் சுஹாவுக்கு என்னை விட்டால் நாதி இல்லை என்பது உறுதியாகிவிட்டது. விசாவும் போகக்கூடாது, சுஹாவும் தப்பிக்க வேண்டும். பெட்டியைக் குடைந்தபோது வழி கிடைத்தது. சூரியனைப் பார்ப்பதற்கென்று ஒரு கரிய கண்ணாடி வில்லை அதில் இருந்தது. (அதைப் போட்டுக்கொண்டு சூரியனைப் பார்ப்பது கண்ணுக்கு ஆபத்து என்று பிற்பாடு படித்தேன். நல்லவேளை, எங்கள் கடையில் யாருக்கும் அந்த ஆர்வம் இல்லை.) அதைக் கண் வைக்கிற வில்லையின் அடியில் திருகிவிட்டேன். இனி அதில் யார் பார்த்தாலும் அமாவாசைதான். டெலஸ்கோப் விற்றமாதிரியும் ஆயிற்று, ஒன்றும் தெரியாதமாதிரியும் ஆயிற்று. ஃபிசிக்ஸ் படித்தது அன்றைக்குத்தான் பயன்பட்டது என்று பெருமையாக இருந்தது.

ஆறரைக்கு ராஷித் வந்தார். மதியம் நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. குழாயை அவரே தூக்கிப் பின் சீட்டில் படுக்கவைத்து சீட் பெல்ட் போட்டார். பக்கத்து ஊரான அஜ்மானைத் தாண்டி ஓரமாக இருந்தது அவர்கள் வீடு. வழியெல்லாம் உற்சாகமாகப் பேசிக்கொண்டே வந்தார்.

"இன்னைக்குத் தூசி இல்ல. சுஹா நிச்சயம் தெரிவா. மஃரிப் தொழுகை முடிஞ்சு ஒரு மணி நேரம் ஆகட்டும்."

"அவ தனியா வரவே மாட்டாளா?" என்றேன், துப்பறியும் நோக்கத்தோடு.

அவர் சிரித்தார். "எப்படித் தனியா வருவா? அவன் எங்கேயோ அங்கேதான் இவ. விடவே மாட்டான்." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "என் தாத்தா கடல்ல முத்துக் குளிக்கப் போற படகுல இருந்தவர். அவரும் படகுலேருந்தே பாப்பார்."

தாத்தா, அதுவும் நடுக்கடலில் இருந்து! மூன்று தலைமுறையாக ஒரு குடும்பமே இப்படியா! தாத்தா காலத்திலிருந்து பார்க்கிறார்கள் என்றால் இப்போது சுஹாவுக்கு என்ன வயது என்று அந்த இடத்திலாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. ஒழுக்கம் தலைக்கேறினால் கணக்கு வராது.

வீட்டில் எனக்குக் கிடைத்த வரவேற்பு என்னை இன்னும் சங்கடப்படுத்தியது. மாடியில் கம்பளம் விரித்து, திண்டு போட்டு, பேரீச்சம்பழம், கஹ்வா என்கிற அரபுக் காபி, ஒரு பெரிய தட்டில் கோதுமையும் கறியும் குழைய வேகவைத்த ஹரீஸ். கஃபீல் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைத் தாடி, கறுப்புக் கண்ணாடி. கண் ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம்தான் ஆகிறது என்று ராஷித் சொன்னார். கொஞ்சம் தள்ளி ராஷித்தின் அம்மாவும் அக்காவும். பெரியவர் என் கையைப் பிடித்து இரண்டு மூன்று முறை நலம் விசாரித்தார். வெறுங்கையோடு வந்த விருந்தாளிமாதிரி கூசிப்போய் நின்றேன். பேரீச்சம்பழம் வேறு அவ்வளவு நன்றாக இருந்தது. மூன்று சாப்பிட்டேன். மனசாட்சி உறுத்தியதால் நான்காவதைப் பாதியில் நிறுத்தினேன்.

டெலஸ்கோப்பை மாட்டும்போது சுற்றிலும் பார்த்தேன். பக்கத்து வீட்டு மாடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி. அதற்கப்பால் மணல். எங்கேயும் பச்சைத் துப்பட்டா இல்லை. இன்னும் வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

இருட்டியது. ராஷித் வடகிழக்கே கை நீட்டி அப்பாவிடம் ஏதோ சொன்னார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "யல்லா பாய், சுஹா வந்துட்டா" என்றார்.

இனி பேசாமல் இருந்தால் நான் மனிதனே இல்லை என்று தோன்றியது. கருங்கண்ணாடி இருக்கிறது, ஒன்றும் தெரியப்போவதில்லை, வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் அம்மா, அக்காவை வைத்துக்கொண்டே இப்படிச் சொல்கிறாரே! டெலஸ்கோப்புக்கு முன்னால் போய் இரண்டு கைகளையும் விரித்து நின்றேன்.

"ராஷித் பாய். சுஹா பி கிஸீ கி பஹன் ஹை!"

சுஹாவும் யாருக்கோ தங்கைதான். இதைத்தான் சொன்னேன். என் வாழ்க்கையில் இலக்கணப் பிழை இல்லாமல் நான் பேசிய ஒரே ஹிந்தி வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

"க்யா?" என்றார் ராஷித்.

"பஹன். சிஸ்டர். உக்த்!" தெரிந்த மொழிகளிலெல்லாம் சொன்னேன். "மாடியில நின்னு அடுத்த வீட்டுப் பொண்ணப் பாக்கிறது தப்பு. ஹராம்!"

பெரியவருக்கு அந்தக் கடைசி வார்த்தை மட்டும் தெளிவாகக் கேட்டது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சூ ஹராம்?" என்று மகனைக் கேட்டார். எது ஹராம்? ராஷித் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மதியம் நடந்தது, வண்டியில் நான் கேட்ட கேள்விகள், எல்லாம் அவர் முகத்தில் ஒவ்வொன்றாகச் சேர்வது எனக்குத் தெரிந்தது. என் விசா கண் முன்னால் சிறகு முளைத்துப் பறந்துகொண்டிருந்தது.

ராஷித் அப்பாவுக்கு மொழிபெயர்த்தார். முதலில் சிரித்தது ராஷித்தின் அம்மாதான். முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டு குலுங்கினார். பிறகு அக்கா. பிறகு பெரியவர், கைத்தடியைத் தரையில் தட்டித் தட்டிச் சிரித்து, இருமி, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆபரேஷன் செய்த கண்ணுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று எனக்கு அந்தப் பயம் வேறு.

ராஷித் என் தோளைப் பிடித்து வடகிழக்கே திருப்பினார். "அங்கே பாருங்க. ஏழு நட்சத்திரம். கரண்டிமாதிரி. காம்பு கீழே தொங்குதா? அந்தக் காம்புல நடுவுல இருக்கிறவன்தான் பெரியவன். அவனை ஒட்டி ரொம்பச் சின்னதா இன்னொண்ணு. அதுக்குத்தான் எங்க பாஷையில சுஹான்னு பேரு. முன்னாடி எல்லாம் கண் பார்வை நல்லா இருக்கான்னு பாக்க அதைத்தான் காட்டுவாங்க. எங்க பாபாவுக்குக் கண்ணு மங்கினதுலேருந்து அது தெரியல. ஆபரேஷன் முடிஞ்சதும் முதல்ல கேட்டதே சுஹாவைத்தான்."

ஏழு நட்சத்திரம். நடுவில் ஒன்று, பக்கத்தில் சின்னதாக ஒன்று. சப்தரிஷி மண்டலம். பெரியவன் வசிஷ்டர். அந்தச் சின்னது அருந்ததி.

எங்கள் ஊரில் ஒவ்வொரு கல்யாணத்திலும் மணப்பெண்ணுக்குக் காட்டுகிற அருந்ததி! கற்புக்கு உதாரணமாகச் சொல்கிற அருந்ததி! அவளைத்தான் மூன்று தலைமுறையாக ஒரு குடும்பம் தவறான எண்ணத்தோடு பார்க்கிறது என்று நான் அவர்கள் வீட்டு மாடியிலேயே, அவர்கள் பேரீச்சம்பழத்தைத் தின்றுவிட்டு, மும்மொழியில் அறிவித்திருக்கிறேன். எத்தனையோ கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு தடவையாவது அந்த நட்சத்திரத்தைப் பார்த்திருக்கிறேனா? இல்லை. அப்பளம் எத்தனையாவது வரிசையில் வருகிறது என்றுதான் பார்த்திருக்கிறேன்.

சரி, அவமானம் இதோடு முடிந்தது என்று நினைத்தேன். பெரியவர் நாற்காலியை டெலஸ்கோப்புக்குப் பக்கத்தில் போடச் சொல்லி, குனிந்து கண்ணை வைத்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மெதுவாக, "மாஃபி" என்றார். ஒன்றும் இல்லை.

ராஷித் பார்த்தார். "மாஃபி."

பெரியவர் கையை மடியில் வைத்துக்கொண்டார். அதுவரை சிரித்த முகம் சட்டென்று வாடிப்போனது. தன் கண்தான் இன்னும் சரியாகவில்லை என்று அவர் நினைத்துவிட்டார். மகனும் தன்னைச் சமாதானப்படுத்தத்தான் "மாஃபி" என்கிறான் என்று எண்ணியிருப்பார். இதைப் பார்த்தபோது எனக்கு வெட்கமெல்லாம் போய் ஒரே வேதனையாகிவிட்டது.

"இல்ல, இல்ல! கண்ணு நல்லா இருக்கு! நான்தான்!" என்று தமிழிலேயே கத்திக்கொண்டு ஓடி, கண் வில்லையைக் கழற்றி, அதன் அடியில் திருகியிருந்த கருங்கண்ணாடியை எல்லோர் முன்னாலும் எடுத்துக் காட்டினேன். எதற்காக அதைப் போட்டேன் என்றும் சொல்லவேண்டியதாயிற்று. இரண்டாவது தடவை எழுந்த சிரிப்பு முதல் தடவையைவிடப் பெரிது. அக்கா கஹ்வா கெண்டியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே ஓடிவிட்டார். அங்கிருந்தும் சத்தம் கேட்டது.

மறுபடி மாட்டினோம். ராஷித் குழாயை மெல்ல நகர்த்தி நிறுத்தினார். பெரியவர் குனிந்தார். இந்த முறை நிமிரவே இல்லை. மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு பார்ப்பதுபோல் இருந்தது. கடைசியில் மிக மெல்லிய குரலில், நெடுநாள் பிரிந்திருந்த ஒருவரை வாசலில் கண்டமாதிரி, "சுஹா" என்றார்.

பிறகு என்னையும் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். பெரியவன் ஒருவன் இல்லை, இரண்டு பேராக நெருங்கி நின்றார்கள். கொஞ்சம் தள்ளி அருந்ததி, அடக்கமாக. (அங்கே மொத்தம் ஆறு பேர் இருக்கிறார்கள் என்று சில வருஷம் கழித்து ஒரு பத்திரிகையில் படித்தேன். எங்கள் ரோலா ரூமிலும் ஆறு பேர்தான். ஆனால் அவர்களுக்குள் பாத்ரூம் சண்டை இருக்காது.)

"உங்க ஊர்ல அவளுக்கு என்ன பேரு?" என்று பெரியவர் கேட்டார். அருந்ததி, வசிஷ்டர், கல்யாணம் எல்லாவற்றையும் தட்டுத் தடுமாறிச் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டுவிட்டு மகனிடம் ஏதோ சொன்னார். ராஷித் சிரிப்பை அடக்க முடியாமல் மொழிபெயர்த்தார். "பாபா சொல்றார்: அப்ப இவர் கோபப்பட்டது நியாயம்தான். அவங்க ஊர்ப் பொண்ணு!"

திரும்பும்போது ஒரு டப்பா நிறையப் பேரீச்சம்பழம் கொடுத்தார்கள். நான் கடைக்கு வந்து சேரும் முன் செய்தி வந்து சேர்ந்துவிட்டது. காக்கா போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். திட்டப்போகிறார் என்று தலையைக் குனிந்தேன். அவர் என்னை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

"ஏம்ப்பா, வானத்துல இருக்கிறவளுக்கு நீ யாருப்பா வாட்ச்மேன்?"

அன்றிலிருந்து ரோலாவில் என் பெயர் வாட்ச்மேன். வாட்ச் கடையில் வேலை பார்ப்பதால் அந்தப் பெயர் என்று வெளியாட்கள் நினைத்துக்கொண்டார்கள். நானும் திருத்தவில்லை. ஒழுக்க மன்றம் அன்றோடு கலைக்கப்பட்டது. ரூமில் திரையை இழுப்பதையும் விட்டுவிட்டேன். வருஷா வருஷம் லைசென்ஸ் புதுப்பிக்க பேப்பர் கொண்டுபோனால், பெரியவர் பேனாவை எடுக்கும் முன்னால் என்னை உட்காரவைத்து, "சுஹா நல்லா இருக்காளா?" என்று விசாரிப்பார். நன்றாக இருக்கிறாள் என்று சொன்ன பிறகுதான் கையெழுத்து.

இரண்டு வருஷம் கழித்து எனக்குக் கல்யாணம். பகல் பதினோரு மணிக்கு ஐயர் எங்களை மண்டபத்துக்கு வெளியே கூட்டிவந்து, கொளுத்துகிற வெயிலில் வானத்தைக் காட்டி, "அருந்ததி தெரியறதா?" என்றார். மணப்பெண் செல்வி பவ்யமாக "தெரியுது" என்றாள். எனக்குச் சிரிப்பு பீறிட்டு மாலையே ஆடியது. என்ன, என்ன என்று அவள் விடாமல் கேட்டதால் அன்று சாயங்காலம் முழுக் கதையையும் சொன்னேன். அதிலிருந்து, நான் தெருவில் யாருடைய விவகாரத்திலாவது நியாயம் கேட்கக் கிளம்பினால் போதும். "சுஹாவுக்குக் கல்யாணம் ஆயிருச்சுங்க, உக்காருங்க" என்று செல்வி உள்ளிருந்தே குரல் கொடுப்பாள். இப்போது என் பிள்ளைகளும் அதையே சொல்கிறார்கள்.

சிக்கல் என் மாமியாரோடுதான். அன்று நான் கதை சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் காபி கொண்டுவந்து கதவருகே நின்றிருக்கிறார். அவர் காதில் விழுந்தது, "மாடியில நின்னு சுஹாவைப் பாத்தோம், அப்பாடா, என்ன அழகு!" என்ற ஒரு வரி மட்டும். எத்தனையோ முறை விளக்கிவிட்டோம். போன கோடையில்கூட மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய், சப்தரிஷி மண்டலத்தைக் காட்டி, அதோ அந்தச் சின்னதுதான் அத்தை என்றேன். நெடுநேரம் அண்ணாந்து பார்த்தார். பிறகு கீழே இறங்கிப் போய்ச் செல்வியிடம் சொல்லியிருக்கிறார்.

"பாவம்டி. செத்துப்போயிட்டா போலருக்கு. மாப்பிள்ள நட்சத்திரத்தைக் காட்டி அழுவுறாரு."